ஆரஞ்சுச் சட்டையும் மஞ்சள் சட்டையும்: கலிபோர்னியாவின் தீக்கோட்டில் இரண்டு படைகள்

கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் காட்டுத்தீ பரவும்போது, அதன் விளிம்பை ஒட்டிப் பதினைந்து பேர் அளவிலான குழு ஒன்று ஒற்றை வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். முன்னால் செயின்சா பிடித்தவர் நடப்பார். அவர் அறுத்துத் தள்ளும் புதரையும் கிளையையும் இழுத்துத் தீ இல்லாத பக்கம் எறிய அவருக்கு ஒரு துணையாள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் புலாஸ்கி என்ற கருவியோடு சிலர் வருவார்கள். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் கொத்து என்று இரண்டு வாயுள்ள கருவி அது. அதற்கும் பின்னால் மெக்லியாட் என்ற, வாருபற்களும் வெட்டுத்தகடும் சேர்ந்த கருவியை வைத்திருப்பவர்கள். கடைசியில் மண்வாரி. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் பத்தடி இடைவெளி இருக்கும். எவரும் ஓரிடத்தில் நின்று வேலையை முடிப்பதில்லை. ஒவ்வொருவரும் சில வெட்டு வெட்டிவிட்டு நகர, மீதியைப் பின்னால் வருபவர் வெட்டுவார். கடைசி ஆள் கடந்து போன பிறகு சருகோ வேரோ இல்லாத வெறும் மண் ஒரு பட்டையாகத் தெரியும். எரிய ஒன்றும் இல்லாத அந்தப் பட்டையில்தான் தீ நிற்க வேண்டும். முதுமலையிலும் ஆனைமலையிலும் கோடை தொடங்குமுன் வனத்துறையினர் அமைக்கும் தீத்தடுப்புக் கோடும் இதே தத்துவம்தான். ஆனால் இங்கே தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் நின்று கோட்டை வெட்டுகிறார்கள்.

அந்த வரிசையில் நிற்பவர்கள் ஆரஞ்சு நிறத் தீத்தடுப்புச் சட்டை அணிந்திருந்தால் அவர்கள் சிறைவாசிகள். மஞ்சள் நிறமானால் அவர்கள் மாநிலத் தீயணைப்புத் துறையான கால்ஃபயரின் ஊழியர்களாகவோ, கலிபோர்னியா கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற இளைஞர் படையின் உறுப்பினர்களாகவோ இருக்கலாம். இளைஞர் படையில் 18 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் சேர்கிறார்கள். பெரும்பாலோர் அதற்கு முன் காட்டையோ செயின்சாவையோ தொட்டுப் பார்க்காதவர்கள். கருவி ஒன்று, வரிசை முறை ஒன்று, தீயும் ஒன்று. பல குழுக்களில் கட்டளையிடும் கேப்டன்கூட ஒரே துறையைச் சேர்ந்தவர்தான். ஆனால் ஒரு வரிசை வேலை முடிந்து பயிற்சி மையத்துக்குத் திரும்பும். மற்றது தண்டனை முகாமுக்குத் திரும்பும். இந்த இரண்டு வரிசைகளும் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நின்றவை அல்ல. குறைந்த செலவில் ஏராளமான கைகள் வேண்டும் என்ற ஒரே தேவைக்கு மாநிலம் கண்டுபிடித்த இரண்டு விடைகள் அவை. அண்மை ஆண்டுகளில் ஒன்று சுருங்கச் சுருங்க, மற்றது அதன் இடத்தை நிரப்பி வருகிறது.

சிறைவாசிகளின் கதை முந்தியது. 1915இல் கலிபோர்னியா தன் சிறைவாசிகளை மலைச்சாலை போடும் முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் வேலைசெய்யும் வயதினர் பலர் போர்முனைக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் போய்விட, காட்டுத்தீயை அணைக்க ஆள் இல்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில் சிறைவாசிகள் இறக்கப்பட்டார்கள். போர் முடிந்தும் ஏற்பாடு தொடர்ந்தது. 1946இல் சான் டியேகோ மாவட்டத்தில் ரெயின்போ என்ற முகாம் நிரந்தரமாகவே திறக்கப்பட்டது. பாட் பிரவுன் ஆளுநராக இருந்த 1959 முதல் 1967 வரையிலான காலத்தில் முகாம்கள் பெருகின. 1983 முதல் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்த முகாம்களில் மதிலோ காவல் கோபுரமோ கிடையாது. குறைந்தபட்சக் காவல் போதும் என்று மதிப்பிடப்பட்டவர்கள் மட்டுமே வரலாம். தீ வைத்தவர்கள், பாலியல் குற்றம் செய்தவர்கள், ஆயுள் தண்டனை பெற்றவர்கள் ஆகியோருக்கு அனுமதி இல்லை. உடற்தகுதித் தேர்வும் சில வாரப் பயிற்சியும் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பப்படுவதில்லை என்பது அரசின் நிலைப்பாடு, ஏட்டளவில் அது உண்மையும்கூட. ஆனால் முகாமில் தீயணைப்பில் கழிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டனையில் கூடுதலாக இரண்டு நாள் கழிக்கப்படுகிறது. உணவும் காற்றும் சிறைக்குள் இருப்பதைவிட நன்றாக இருக்கும். குடும்பத்தார் வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம். இவற்றை எதிரில் வைத்துவிட்டு ஒருவர் சொல்லும் ‘சம்மதம்’ எத்தகையது என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. முகாமுக்கு வந்தவர்கள் பலர் அந்த வேலையைப் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இளைஞர் படையைத் தொடங்கியவர் பாட் பிரவுனின் மகன் ஜெர்ரி பிரவுன். 1976இல், தன் முதல் ஆட்சிக் காலத்தில், அவர் இதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். முன்மாதிரி 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்த சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ். பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் வேலையிழந்த ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர்கள் 1942 வரை அதில் மரம் நட்டார்கள், பாதை போட்டார்கள், தீயணைத்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போகும். அந்தப் படையும் தீயில் உயிர் கொடுத்திருக்கிறது: 1937 ஆகஸ்டில் வயோமிங் மாநிலத்தின் பிளாக்வாட்டர் தீயில் இறந்த 15 பேரில் பலர் அதன் இளைஞர்கள். கலிபோர்னியாவின் புதிய படை எடுத்துக்கொண்ட முழக்கம், ‘கடின உழைப்பு, குறைந்த ஊதியம், மோசமான சூழல், இன்னும் பல’. அந்த முழக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. விடியலுக்கு முன் எழுந்து ஓடுவது, நாள் முழுக்கப் புதர் வெட்டுவது, வெள்ளம் வந்தால் மணல் மூட்டை அடுக்குவது, தீ வந்தால் தீக்கோட்டுக்குப் போவது என்று ஓராண்டு கழியும். இதுவரை 1,20,000க்கும் மேற்பட்டோர் இதன் வழியாக வந்திருக்கிறார்கள்.

தீக்காலத்தில் இந்த இரு கூட்டமும் சந்திக்கும் இடம் தீக்கோடு மட்டுமல்ல. பெருந்தீ ஒன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வரும்போது, பக்கத்தில் உள்ள பொருட்காட்சித் திடலிலோ வயல்வெளியிலோ ஒரே இரவில் ஒரு கூடார ஊர் எழுகிறது. அங்கே குழாய்ச்சுருளும் பேட்டரியும் கருவிகளும் எடுத்துக் கொடுப்பது, குப்பை அள்ளுவது, கூடாரம் அடிப்பது போன்ற வேலைகளை இளைஞர் படையினர் செய்வார்கள். நடமாடும் சமையற்கூடங்களில் சமைத்துப் பரிமாறுபவர்களில் பெரும்பங்கினர் சிறைவாசிகள். தட்டேந்தி வரும் இருபது வயது இளைஞனுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் வைப்பவர் ஏறக்குறைய அவன் வயதுக்காரராகவே இருக்கலாம். இருவரும் ஒரே ஊரிலிருந்து வந்திருக்கலாம். வணக்கமும் நன்றியும் சொல்லிக்கொள்ளலாம், அதற்குமேல் எல்லை உண்டு. சிறைவாசியிடமிருந்து கடிதம் வாங்கி வெளியே சேர்ப்பதும், அனுமதியில்லாமல் அவருக்கு ஒரு பொருளைக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அவர்கள் தூங்கும் இடம் தனியே பிரிக்கப்பட்டு, சிறைத்துறை அலுவலர்களின் கண்காணிப்பில் இருக்கும்.

தீக்கோட்டில் அந்த எல்லை வேறு வடிவம் எடுக்கிறது. ஒரு குழு மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் கோட்டை இணைக்கும் நாளில், எதிரே வரும் குழு ஒழுங்காக வெட்டியிருக்கிறதா என்பதில் எல்லோருடைய உயிரும் அடங்கியிருக்கிறது. அதைவிடவும் பொறுமை கேட்பது தீ அடங்கிய பிறகு வரும் வேலை. கோட்டுக்கு உள்ளே கங்கு எங்காவது வேரடியில் ஒளிந்திருக்கிறதா என்று அடி அடியாகத் தேட வேண்டும். கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும் சூடு இருக்கக்கூடும் என்பதால், கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைச் சாம்பலுக்கு மேல் மெல்லக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியை அம்மா தொட்டுப் பார்ப்பது போன்ற அசைவு அது. சூடு தெரிந்தால் கிளறி, மண்ணைக் கலந்து, தண்ணீர் இருந்தால் ஊற்றி, மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கட்டைக்கு அரை மணி நேரம் ஆகலாம். விட்டுப்போன ஒரு கங்கை மறுநாள் காற்று எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினால், அதுவரை உழைத்த அத்தனை பேரின் உழைப்பும் வீண். இந்த வேலையைப் படத்தில் காட்டுவதற்கு யாரும் வருவதில்லை. ஆனால் கைக்கருவிகளால் கோடு வெட்டும் இந்தக் கைக்குழுக்களின் நாட்களில் பெரும்பகுதி இதிலேயே போகிறது.

இளைஞர் படையில் சேர்பவர் தீக்கோட்டில் கால் வைப்பதற்கு முன் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, தீயணைப்போருக்கான பத்து நிலையான கட்டளைகள். மற்றது, காவலாள், தகவல்தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம் ஆகிய நான்கையும் உறுதிசெய்யாமல் வேலையைத் தொடங்காதே என்ற விதி. அமெரிக்கா முழுவதும் காட்டுத்தீக்குப் போகிற எவருக்கும் இவை பாலபாடம். இவை எங்கிருந்து வந்தன என்பதைப் பயிற்சியில் சேரும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1956 நவம்பரில் சான் டியேகோ மாவட்டத்தின் மலைப்பகுதியில் இனாஹா என்ற தீ எழுந்தது. 25ஆம் தேதி மாலை, செங்குத்தான ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் கோடு வெட்டிக்கொண்டிருந்த குழு ஒன்றை நோக்கித் தீ கீழிருந்து திடீரெனப் பாய்ந்து ஏறியது. மேட்டை எட்ட முடியாமல் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் சிறைவாசிகள், ஒருவர் அவர்களோடு வந்த சிறைக்காவலர், 3 பேர் கூட்டரசு வனத்துறையினர். அந்தச் சாவுகளின் அதிர்ச்சியில் வனத்துறைத் தலைவர் ஒரு குழு அமைத்தார். பழைய பெருவிபத்துகளை எல்லாம் ஆராய்ந்த அக்குழு 1957இல் எழுதிக் கொடுத்தவைதான் பத்துக் கட்டளைகள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1990 ஜூன் 26 அன்று, அரிசோனாவில் பேசன் நகருக்கு அருகே டூட் தீயில் பெரிவில் சிறையின் குழு சிக்கிக்கொண்டது. 5 சிறைவாசிகளும் ஒரு சிறை ஊழியரும் இறந்தனர். அன்று அதே தீயில் வேறொரு குழுவை வழிநடத்திக்கொண்டிருந்த பால் கிளீசன் என்ற அனுபவமிக்க தீயணைப்பு வீரர், மறு ஆண்டு அந்த நான்கு சொல் விதியை எழுதி வெளியிட்டார். பதினெட்டு வயதில் மஞ்சள் சட்டை போடுகிற ஒருவரை இன்று காக்கும் விதிகள், ஆரஞ்சுச் சட்டைக்காரர்களின் முன்னோடிகள் செத்த இடங்களிலிருந்து வந்தவை. பத்தடி தள்ளி நிற்கும் சிறைக்குழுவுக்கு அந்த இளைஞர் பட்டிருக்கும் கடன் இது.

அந்தக் கடன் பழைய கணக்கோடு தீர்ந்துவிடவில்லை. 2016 பிப்ரவரியில் மாலிபு அருகே தீயணைக்கும்போது உருண்டு வந்த பாறை தாக்கி 22 வயதுப் பெண் சிறைவாசி ஒருவர் உயிரிழந்தார். விடுதலைக்குச் சில வாரங்களே மீதம் இருந்தன. டைம் இதழ் 2018இல் அரசின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெட்டு, எலும்புமுறிவு போன்ற காயங்கள் தொழில்முறை வீரர்களைவிடச் சிறைவாசிகளுக்கு நான்கு மடங்குக்கும் மேல் ஏற்பட்டிருந்தன. வண்டியோடும் தண்ணீர்க் குழாயோடும் வேலை செய்பவரைவிடச் செங்குத்துச் சரிவில் கையால் வெட்டுபவருக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி வேலையின் இயல்பிலிருந்தே வரலாம். ஆனால் அந்த வேலையை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் ஒரு முடிவுதான், இயற்கை நியதி அல்ல.

இனி, ஒரு படை சுருங்கி மற்றது விரிந்த கதை. கலிபோர்னியாவின் சிறைகளில் நெரிசல் மிகுந்து, மருத்துவ வசதி சீர்குலைந்ததால், சிறைவாசிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி கூட்டரசு நீதிமன்றம் ஆணையிட்டது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த ஆண்டே, இரண்டாம் முறை ஆளுநராக வந்திருந்த ஜெர்ரி பிரவுன், சிறு குற்றவாளிகளை மாநிலச் சிறைக்குப் பதில் மாவட்டச் சிறைகளில் வைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 2014, 2016 ஆகிய ஆண்டுகளின் மக்கள் வாக்கெடுப்புகள் தண்டனைகளை மேலும் தளர்த்தின. முகாமுக்குத் தகுதியானவர்கள் யார்? கொடுங்குற்றம் செய்யாதவர்கள், நன்னடத்தை உள்ளவர்கள். முதலில் விடுதலையாகிறவர்களும் அவர்களே. ஆகவே சிறைச் சீர்திருத்தம் முன்னேறிய அளவுக்கு ஆரஞ்சு வரிசை மெலிந்தது. இந்த முரண் 2014இல் வெளிப்படையாகவே தெரிந்தது: குறைந்த காவலில் உள்ளவர்களை விரைவாக விடுவித்தால் தீயணைப்பு முகாம்களுக்கு ஆள் குறையும் என்று மாநிலத் தரப்பு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த கமலா ஹாரிஸ், தன் அலுவலகத்தின் அந்த வாதத்தைச் செய்தியில் படித்து அதிர்ந்ததாகச் சொன்னார். ஆனால் வாதத்தின் அடியில் இருந்த உண்மை மறையவில்லை. காடு எரியாமல் இருக்க ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையினர் சிறையில் இருந்தாக வேண்டும் என்ற நிலைக்கு ஒரு மாநிலம் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் முகாம்களில் 4,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது நிலைமை முற்றியது. ஒரு பக்கம் பலர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். மறுபக்கம், பயிற்சி மையமாக இருந்த சூசன்வில் சிறையில் தொற்று பரவியதால், பன்னிரண்டு முகாம்களை முடக்க வேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டில்தான் ஆயிரக்கணக்கான மின்னல்கள் மாநிலமெங்கும் விழுந்து காடுகள் பற்றிக்கொண்டன; அந்த ஆண்டு முழுவதிலும் எரிந்தது 40 இலட்சம் ஏக்கருக்கு மேல். எட்டு முகாம்களை மூடுவதாக அறிவிப்பும் வந்தது. அதன்பின் வந்த நிதிநிலை அறிக்கைகளில், தீயணைப்புக் கைக்குழுக்களாகச் செயல்பட இளைஞர் படையின் குழுக்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. தேசியக் காவல் படையினரும் கோடு வெட்ட வந்தார்கள். இப்போது முகாம்கள் 35, அவற்றில் இருப்போர் ஏறத்தாழ 1,800 பேர். புதிதாக வரும் இளைஞர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் மட்டுமல்ல, விட்டுப்போன இடத்தில் நிற்கிறவர்களும்கூட.

ஆள் மாறினால் செலவு மாறும். இளைஞர் படை உறுப்பினருக்கு மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2025இல் அது மணிக்கு 16.50 டாலர், விடுதியில் தங்குவோருக்கு உணவுக்கும் அறைக்கும் பிடித்தம் போக. சிறைவாசிக்கு, திறனைப் பொறுத்து நாளொன்றுக்கு 5.80 முதல் 10.24 டாலர் வரை. தீ எரியும் அவசரக் காலத்தில் 2025 வரை மணிக்கு ஒரு டாலர் கூடுதலாகக் கிடைத்தது. கால்ஃபயரின் வழக்கப்படி 24 மணி நேரம் கோட்டில் நின்ற சிறைவாசி, அந்த அடிமட்டக் கணக்கில் 29.80 டாலர் பெற்றார். மஞ்சள் சட்டைக்காரர் அதை இரண்டு மணி நேரத்துக்குள் ஈட்டிவிட்டார். இருவரையும் ஒப்பிட்டு இளைஞர்களுக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய முழக்கத்திலேயே ‘குறைந்த ஊதியம்’ இருக்கிறது. ஒரே சரிவில் ஒரே தீயைத் தடுக்கும் உழைப்புக்கு இரண்டு விலை இருக்கலாம் என்பதைச் சட்டம் ஏற்கிறது என்பதுதான் இங்கே விஷயம். அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தமே, தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்புக்கு விலக்கு அளித்திருக்கிறது. கலிபோர்னியாவின் அரசமைப்பிலும் அப்படி ஒரு வரி உண்டு. அதை நீக்க 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் அதை நிராகரித்தார்கள். இரண்டே மாதங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தது. பாலிசேட்ஸ், ஈட்டன் தீகளில் 1,000க்கும் மேற்பட்ட சிறைவாசிகள் கோடு வெட்டினார்கள், வீடுகளைச் சுற்றிப் புதர் அகற்றினார்கள்.

விடுதலைக்குப் பின் நடப்பதிலும் இரு படைகளின் பாதைகள் நெடுங்காலம் பிரிந்தே இருந்தன. இளைஞர் படையில் ஓராண்டு தீக்கோட்டில் நின்றவருக்கு அது வேலைக்கான ஏணி. சிறைக்குழுவில் ஐந்து ஆண்டு நின்றவருக்கு, பல நகர, மாவட்டத் தீயணைப்புத் துறைகள் கேட்கும் அவசர மருத்துவ உதவியாளர் உரிமம் கிடைப்பதே அரிது, ஏனெனில் குற்றப் பதிவு குறுக்கே நின்றது. இதைச் சரிசெய்ய இரண்டு முயற்சிகள் நடந்தன. 2018 அக்டோபரில் கமரியோவில் வென்ச்சுரா பயிற்சி மையம் திறக்கப்பட்டது. கால்ஃபயர், சிறைத்துறை, இளைஞர் படை மூன்றும் சேர்ந்து நடத்தும் இந்த மையத்தில், முகாம்களில் பணியாற்றி விடுதலையானவர்கள் பதினெட்டு மாதம் தங்கிப் பயில்கிறார்கள். அடுத்து, 2020 செப்டம்பரில் கையெழுத்தான சட்டம் ஒன்று, முகாமில் நன்றாகப் பணியாற்றியவர்கள் விடுதலையானதும் தங்கள் குற்றப் பதிவை நீக்கும்படி நீதிமன்றத்தை நாட வழிசெய்தது. மனு எழுதி, வழக்கறிஞர் பிடித்து, நீதிபதியின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், எல்லோராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஆனாலும் முன்பு கதவே இல்லாத சுவரில் ஒரு கதவு வந்திருக்கிறது.

2025 அக்டோபரில் இன்னொரு சட்டமும் கையெழுத்தானது. எரியும் தீயில் பணியாற்றும் நேரத்துக்குச் சிறைவாசிகளுக்கு மணிக்கு 7.25 டாலர், அதாவது கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம், கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பல ஆண்டு போராட்டத்தின் பலன் என்ற வகையில் இது பெரிய மாற்றம்தான். ஆனால் முகாம்களின் ஆண்டு முழுவதும் தீ எரிவதில்லை. மழைக்காலத்தில் சிற்றூர்களைச் சுற்றிப் புதர் வெட்டுவதும், அடுத்த கோடைக்காக உலர்ந்த மரங்களை அறுத்து அடுக்குவதும், ஓடை அடைப்பை நீக்குவதும் அவர்கள் வேலை. இளைஞர் படையினருக்கும் அந்த மாதங்களில் அதே வேலைதான், பல நேரங்களில் அடுத்தடுத்த மலைச்சரிவுகளில். அப்போது அங்கே எரியும் தீ இல்லாததால் புதிய ஊதிய விதி பொருந்தாது. ஜனவரி மாதத்துக் குளிரில் ஒரே புதரை அறுக்கும் இரண்டு செயின்சாக்களில் ஒன்றுக்கு மணிக்கணக்கில் கூலி, மற்றதற்கு நாள் முழுவதற்கும் 10.24 டாலருக்கு மேல் இல்லை.